கொரினின் கட்டுரையும் என் மூன்று பத்திகளும்

கொரின் வாசெக் எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் பதிமூன்று வாரம். அதில் பதினோரு வாரம் நாங்கள் நல்ல சிநேகிதிகள். மீதி இரண்டு வாரத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். நான் செய்ததை மறைத்துவிட்டு அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரி. அவளுடைய ஊரில் ஆளைவிட மாடு அதிகம் என்று அவளே சொல்வாள். அப்பா கிராமத்துத் தபால்காரர். அம்மா இல்லை. அந்தக் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் இவள்தான். உதவித்தொகை கிடைத்து, ஒரே ஒரு செமஸ்டர் படிப்பதற்காக இங்கிலாந்தில் எங்கள் ஹல் நகரத்துக்கு வந்தாள். ஏன் லண்டன் போகவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். "லண்டனுக்கு எல்லாரும் போறாங்களே" என்பாள்.

நியூலேண்ட் அவென்யூவுக்குப் பின்னால் ஒரு செங்கல் வரிசை வீட்டில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். நான், வேல்ஸிலிருந்து வந்த ரீஸ், கொரின். ரீஸ் தினமும் ஒரே சாப்பாடு சாப்பிடுவான்: மக்ரோனியும் சீஸும். கொரின் வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே சமைத்து, டப்பா டப்பாவாகப் போட்டு, நாள் எழுதி ஒட்டிவிடுவாள். நான் சிப்ஸ் கடையில் மாலை வேலை பார்த்தேன். மிஞ்சியதைக் கொண்டுவருவேன். எங்கள் ஊர் சிப்ஸ் மேல் தூவும் சிவப்பு மசாலாப்பொடியை அவள் முட்டை, சோளம், சூப் எல்லாவற்றின் மேலும் தூவிச் சாப்பிட்டாள். நவம்பர் கடைசியில் அவர்கள் ஊர் நன்றி நாள் விருந்தை எங்களுக்காகச் சமைத்தபோது பூசணி 'பை' பலகாரத்தின் மேலும் தூவிவிட்டாள். ரீஸ் மூன்று துண்டு சாப்பிட்டான்.

நானும் அவளும் ஒரே பாடம் எடுத்திருந்தோம். மீன்பிடித் துறைமுகங்களின் வரலாறு. டாக்டர் ஹெஸ்கெத் நடத்தினார். செமஸ்டர் முடிவில் மூவாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை. கொரின் எங்கள் ஹெசல் ரோட்டையே எடுத்துக்கொண்டாள். நான் பிறந்து வளர்ந்த தெரு அது. என் தாத்தா ஐஸ்லாந்து வரை மீன் பிடிக்கப் போனவர். அப்பாவின் அக்கா மொரீன் அத்தை பதினைந்து வயதில் மீன் சுத்தம் செய்யும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். "எங்க அத்தையைப் பாத்துப் பேசு, வாயை மூடவே மாட்டா" என்று நான்தான் கொரினை அனுப்பிவைத்தேன்.

அவள் நான்கு செவ்வாய்க்கிழமை போனாள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஃபோனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். முதல் நாள் அத்தையை "மேடம்" என்று கூப்பிட்டிருக்கிறாள். "மேடமா? ராணியம்மான்னே கூப்பிட்டுரு கண்ணு, கூட ரெண்டு பிஸ்கட் வைக்கிறேன்" என்று அத்தை சொன்னாளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் டிசம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கொரின் புதன்கிழமையே அனுப்பிவிட்டாள். எனக்கு வியாழன் காலை எட்டு மணிக்குப் பாதிக் கட்டுரைதான் இருந்தது. கடையில் கூடுதல் வேலை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் தொடங்கியதே செவ்வாய்க்கிழமைதான்.

"உன் கட்டுரையைக் கொஞ்சம் அனுப்புறியா? அடிக்குறிப்பு எப்படிப் போட்டிருக்கேன்னு மட்டும் பாத்துக்கிறேன்" என்றேன்.

கொரின் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் புறப்பட்டிருந்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அடிக்குறிப்பு மட்டும்தானே?"

"பின்ன? உன் இங்கிலீஷை வச்சு நான் என்ன பண்றது? ஸ்பெல்லிங் எல்லாம் அமெரிக்க ஸ்பெல்லிங்."

சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டுப் போனாள். பதினொன்றேகாலுக்கு இன்னும் அறுநூறு சொல் குறைந்தது. அவள் கட்டுரையின் நடுவிலிருந்து மூன்று பத்திகளை எடுத்து என்னுடையதில் ஒட்டினேன். அங்கங்கே ஒரு வார்த்தையை மாற்றினேன். என் அத்தை, என் தெரு, என் தாத்தா போன கப்பல். நெப்ராஸ்காக்காரிக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லையா என்று அந்த அரை மணி நேரத்தில் மனசு நன்றாகவே வாதாடியது. நாலு நிமிஷம் மிச்சமிருக்க அனுப்பிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. கொரின் சாப்பாட்டு மேஜையில் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை இரண்டு தடவை படித்தாள்.

"லியான், உனக்கும் வந்திருக்கா?"

"என்ன?"

"நம்ம ரெண்டு பேர் கட்டுரையும் ஒண்ணா இருக்காம். விசாரணைன்னு போட்டிருக்கு. பதினாலாம் தேதி."

வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி, அவளுக்கு விமானம்.

"நீ எதையும் எடுக்கலையே?" என்று கேட்டாள். கேட்பதற்கே கூச்சப்பட்டாள். அதைப் பார்த்தபோதாவது நான் சொல்லியிருக்கலாம்.

"சீச்சீ. நானும் அத்தைகிட்டதானே கேட்டேன். ஒரே ஆள் சொன்னதை ரெண்டு பேரும் எழுதினா ஒரே மாதிரிதான் இருக்கும். போய்ச் சொன்னா விட்டுருவாங்க."

"ஆமா, அதான் இருக்கும்" என்றாள். நம்பிவிட்டாள். நம்ப விரும்பினாள் என்றும் சொல்லலாம். டோஸ்ட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அது முதல் தப்பு இல்லை. முதல் வருஷம் ஒரு சின்னக் கட்டுரையில் இணையத்திலிருந்து எடுத்து எழுதி, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இரண்டாவது முறை என்றால் வெளியேற்றக்கூட வாய்ப்பு உண்டு என்று அதில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. நான் படிக்கிறேன் என்பதை அம்மா ஹெசல் ரோட்டில் ரொட்டிக் கடைக்காரன் முதல் பஸ் டிரைவர் வரை சொல்லி வைத்திருந்தாள். இதெல்லாம் சமாதானம் ஆகாது. ஆனால் பயம் இப்படித்தான் இருந்தது.

கொரினின் பயம் வேறு. அவளுடைய கல்லூரியில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். குற்றம் நிரூபணமானால் இந்தச் செமஸ்டரே கணக்கில் வராது, உதவித்தொகையும் நிற்கும் என்று பதில் வந்தது. அதை ரீஸிடம்தான் சொன்னாள். அவன் வந்து என்னிடம் சொன்னான். "பாவம், என்ன நடந்துச்சுன்னே அவளுக்குப் புரியல. உனக்காவது புரியுதா?" என்று கேட்டான். புரியவில்லை என்றேன்.

அந்த வாரம் அவள் டப்பாவில் சமைக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டால் நான் அடுப்படியை விட்டு எழுந்து போய்விடுவேன். மூன்றரைக்கே இருட்டிவிடும் நாட்கள் அவை. விளக்குப் போடாமல் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்தேன். தினமும் நாலு மணிக்கு அவள் அப்பா கூப்பிடுவார். அவருக்கு அப்போது காலை. கடிதம் கொடுக்கப் புறப்படும் நேரம். மெல்லிய சுவர் என்பதால் என் அறையில் எல்லாம் கேட்கும்.

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா... ஆமா, பரீட்சையெல்லாம் முடிஞ்ச மாதிரிதான்... இல்ல, குரல் ஒண்ணும் இல்ல, சளி... ஓமஹா ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் ஆகுமே, பனி பெஞ்சா மெதுவா ஓட்டுங்க."

சனிக்கிழமை மதியம் சிப்ஸ் கடையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது மொரீன் அத்தை ஃபோன் பண்ணினாள்.

"அந்த அமெரிக்கக்காரி வந்துட்டு இப்பதான் போறா."

"எதுக்கு?"

"நான்தான் பேசினேன்னு ஒரு காயிதத்துல கையெழுத்துக் கேட்டா. போட்டுக் குடுத்தேன். உனக்கும் ஒண்ணு எழுதி எடுத்துட்டு வந்திருந்தா. லியானும் உங்ககிட்டதானே கேட்டா, அவளுக்கும் சேத்துப் போட்டுருங்கன்னா."

உருளைக்கிழங்கு கையிலேயே இருந்தது.

"போட்டீங்களா?"

"எதுக்குப் போடணும்? நீ என்னைக்குடி என்கிட்ட வந்து கேட்ட? வருவ, திம்ப, ஃபோனை நோண்டுவ, போவ. அதைத்தான் அவகிட்ட சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

கூட்டம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஒருவர்கூட இல்லை.

எனக்கும் சேர்த்து ஒரு காகிதம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கொரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பி, துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"லியான், என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இல்லையே" என்றேன்.

"சரி. புதன்கிழமை எனக்குப் பதினோரு மணி. உனக்குப் பதினொண்ணரை."

அதற்கப்புறம் நாலு நாள் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை அறைந்து சாத்தவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் அடுப்படிக்குப் போனால் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்துவிடுவாள்.

"இந்த வீட்ல யாராவது செத்துட்டாங்களா?" என்றான் ரீஸ். "சொன்னா நானும் கறுப்புச் சட்டை போட்டுக்குவேன்ல." யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஹெஸ்கெத்துக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். நான்தான் எடுத்தேன் என்று ஒரே வரி. மூன்று முறையும் அழித்தேன். கொரினிடம் என் பேச்சுக்கு எதிராக ஆதாரம் இருக்கிறது. ஆனால் கட்டுரையை எனக்கு அனுப்பியது அவள்தான், அதுவும் விதிப்படி தப்பு. சொன்னால் தானும் மாட்டுவாள் என்பதால் வாயைத் திறக்க மாட்டாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவ்வளவு கீழே போயிருந்தேன்.

புதன்கிழமை மழை. இரண்டாம் மாடி வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கொரின் தலையை இறுக்கிப் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் ஒரு உறையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து மற்ற நாற்காலியிலிருந்து தன் குடையை எடுத்துக் கீழே வைத்தாள். அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே பேச்சு மட்டும் கேட்டது, என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. நிற்காமல் படியிறங்கிப் போனாள்.

உள்ளே மூன்று பேர். விசாரணைத் தலைவர் ஒரு வயதான பேராசிரியர். பக்கத்தில் டாக்டர் ஹெஸ்கெத். குறிப்பெடுக்க ஒரு பெண். மேஜை மேல் இரண்டு கட்டுரைகள். மூன்று பத்திகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது.

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஒரே அத்தை, ஒரே பேச்சு, அதனால் ஒரே மாதிரி. தலைவர் எழுதிக்கொண்டார். அத்தை எனக்குக் கையெழுத்துப் போட மறுத்ததைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கொரின் சொல்லவில்லையோ என்று ஒரு தைரியம் வந்தது.

டாக்டர் ஹெஸ்கெத் கட்டுரையைக் கையில் எடுத்தார்.

"லியான், நீங்க ஹெசல் ரோட்ல பிறந்தவங்கதானே?"

"ஆமா."

"இந்த வரியைப் படிக்கிறேன். 'கப்பல் கரைக்கு வந்ததும் விடியற்காலையில் பார்பர்கள் கூட்டமாகத் துறைக்கு வந்துவிடுவார்கள்.' ரெண்டு கட்டுரைலயும் இருக்கு. பார்பருக்குத் துறைமுகத்துல என்ன வேலை?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கப்பலிலிருந்து மீன் இறக்குகிற ஆட்களுக்கு எங்கள் ஊரில் பாபர் என்று பெயர். என் தாத்தாவின் தம்பி பாபர். எங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். அத்தை பாபர் என்று சொன்னதை நெப்ராஸ்காக் காது, இங்கிலாந்துக்காரர்கள் முடிவெட்டுகிறவரைத்தான் அப்படி நாக்கு மடங்காமல் சொல்கிறார்கள் என்று நினைத்து, பார்பர் என்று எழுதிவிட்டது. நான் அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

"ஹெசல் ரோட்டுக்காரங்க யாரும் இப்படி எழுத மாட்டாங்க" என்றார் டாக்டர் ஹெஸ்கெத். குரலை உயர்த்தவில்லை.

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. குறிப்பெடுக்கும் பெண்ணின் பேனாவும் நின்றுவிட்டது.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். வேறு வழி இருந்திருந்தால் அப்போதும் சொல்லியிருப்பேனா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

"கொரினுக்குத் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது. அடிக்குறிப்பு பாக்கணும்னு சொல்லி வாங்கினேன். எடுக்கலைன்னு அவகிட்டயும் பொய் சொன்னேன்." அந்த அறையில் நான் யாரும் இழுக்காமல் சொன்னது இந்த ஒன்றுதான்.

தலைவர் கொரின் சொன்னதை வாசித்துக் காட்டினார். 'வியாழன் காலை லியான் கேட்டாள், கட்டுரையை அனுப்பினேன். அனுப்பியது என் தவறு. கட்டுரையில் இருப்பது முழுக்க நான் எழுதியது, பதிவுகள் இதோ. லியானின் கட்டுரையைப் பற்றி லியானிடம் கேளுங்கள்.' அவ்வளவுதான். அத்தை சொன்னதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனேன். கொரின் அறைக் கதவு திறந்திருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றேன். "நான்தான்னு."

"சனிக்கிழமையே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

அவள் ஒரு ஸ்வெட்டரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீ சொல்லுவேன்னு நினைச்சேன். நாலு நாள் பாத்தேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிருவான்னு கீழ வந்து உக்காந்திருந்தேன்." அப்புறம்தான் குரல் உடைந்தது. "எங்கப்பாகிட்ட ஒரு வாரமா பொய் சொல்றேன், லியான். நான் அவர்கிட்ட பொய்யே சொன்னதில்ல. அதுக்கு உன்னை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

போய்விடலாமா என்று நின்றேன். எப்படிப் பிடிபட்டேன் என்று அவளே கேட்டாள். சொன்னேன். அது பார்பர் இல்லை, பாபர் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மீன் இறக்குறவங்களா?"

"ஆமா."

"மூணு வாரம் கடல்ல கிடந்து தாடியும் மீசையுமா வருவாங்க, அதான் வந்ததும் முடிவெட்ட ஆள் நிக்குதுன்னு நினைச்சேன். அதைப் பத்தி அரைப் பக்கம் விளக்கம் வேற எழுதியிருக்கேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள்.

வியாழன் சாயங்காலம் தீர்ப்பு வந்தது. கொரினுக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. அது இங்கேயே கோப்பில் இருக்கும், அவள் கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் வராது. பார்பர்களுக்காக மூன்று மதிப்பெண் குறைத்துக்கொண்டு, அவள் கட்டுரைக்கு அறுபத்தெட்டு. எனக்கு அந்தப் பாடத்தில் பூஜ்யம். கோடையில் மறுபடி எழுத வேண்டும். வெளியேற்றவில்லை. இன்னொரு முறை நடந்தால் விசாரணையே இருக்காது என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கம் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. ரீஸிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ரயில். ரீஸ் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன். அவள் ரீஸைக் கட்டிப்பிடித்து, மக்ரோனியை விட்டு வேறு ஏதாவது சாப்பிடு என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"மொரீன்கிட்ட நான் போயிட்டு வரேன்னு சொன்னதா..." என்று ஆரம்பித்து, "வேணாம். நானே அவங்களுக்கு ஃபோன் பண்ணிக்கிறேன்" என்றாள்.

கை நீட்டினாள். குலுக்கினேன். குளிரில் அவள் கை சில்லென்று இருந்தது. ரயில் கிளம்பும்போது அவள் உட்கார்ந்தது பிளாட்பாரம் தெரியாத மறுபக்க ஜன்னலில்.

ஜனவரியில் நெப்ராஸ்கா முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம் எழுதி, ஒரு பக்கமாகக் குறைத்து அனுப்பினேன். மார்ச்சில் பதில் வந்தது. ஓமஹாவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் வண்டியைப் பனியில் ஓரங்கட்டி, முழுதும் கேட்டுவிட்டு, முதலில் எங்கேயாவது சாப்பிடலாம் என்றாராம். செமஸ்டரைக் கல்லூரியில் ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த வருஷம் பட்டம் வாங்குகிறாள். மொரீனுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தாள். என்னை மன்னித்ததாகவும் எழுதவில்லை, மன்னிக்கவில்லை என்றும் எழுதவில்லை. கீழே கொரின் வாசெக் என்று முழுப் பெயரையும் போட்டு முடித்திருந்தாள்.